சுடுநீரில் சீரியா: ஆட்டோகிளேவும் குழாய் உலையும்

சீரியம் நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்து, காரம் சேர்த்து, மூடிய பாத்திரத்தில் 180° செல்சியஸுக்குச் சூடாக்கினால் சீரியா எனும் சீரியம் ஆக்சைடு வந்துவிடும். அதில் பெரிய வித்தை ஏதும் இல்லை. வருவது 5 நானோமீட்டரா 500 நானோமீட்டரா, எல்லாத் துகளும் ஒரே அளவா அல்லது அரிசியும் குருணையும் கலந்த மாதிரியா, அடுத்த வாரம் செய்தாலும் இதே வருமா? வித்தை முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஓவன் திரையில் தெரியும் எண் இதற்குப் பாதிப் பதில். கரைசல் அந்தச் சூட்டை எவ்வளவு வேகமாக எட்டியது, எட்டிய பின் எவ்வளவு நேரம் அதில் கிடந்தது என்பது மீதிப் பாதி.

தண்ணீர் சூடேற ஏற, பெயர் மட்டும் தண்ணீராக இருக்கும்; குணம் மாறிக்கொண்டே போகும். அறை வெப்பநிலையில் அதன் டை-எலெக்ட்ரிக் மாறிலி 78. உப்பை அயனிகளாகப் பிரித்து வைத்திருக்கும் பலம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. 200°இல் அது 35 ஆகிவிடும், கிட்டத்தட்ட மெத்தனால். 300°இல் 20, அசிட்டோன் மாதிரி. 400°, 250 பார் அழுத்தத்தில் 2 அளவுக்கு இறங்கி ஹெக்சேன் பக்கத்தில் போய் நிற்கும். அதாவது, குளிரில் உப்பை விழுங்கிய அதே தண்ணீர் சூட்டில் அதைத் துப்புகிறது. இன்னொரு பக்கம், நீரின் அயனிப் பெருக்கம் 25°இல் 10இன் அடுக்கு மைனஸ் 14. 250°இல் மைனஸ் 11.2 வரை ஏறும். ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் ஆளுக்கு இருபத்தைந்து மடங்கு கூடுகின்றன. வெறும் தண்ணீரே நீராற்பகுப்பைத் தள்ளிவிடப் போதுமானதாகிவிடுகிறது. திரவத்துக்கும் ஆவிக்கும் வேறுபாடே மறையும் நிலைமாறு புள்ளியைத் தாண்டியதும் இந்த அயனிப் பெருக்கம் சரேலென்று விழுந்துவிடும்.

வேதிவினை இரண்டே படி. உலோக உப்பு நீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடாகி அமிலத்தை விடுகிறது. ஹைட்ராக்சைடு நீரை இழந்து ஆக்சைடாகிறது. கரைதிறன் திடீரென விழுந்தால் ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான விதைப்படிகங்கள் பிறக்கும், ஒவ்வொன்றுக்கும் தீனி கொஞ்சம்தான் கிடைக்கும், துகள் சிறிதாகவே நின்றுவிடும். மெதுவாக விழுந்தால் முதலில் பிறந்தவை எல்லாவற்றையும் தின்று பெருக்கும். அதற்குமேல் நேரம் கொடுத்தால் சின்னது கரைந்து பெரியதில் ஒட்டும் ஆஸ்ட்வால்ட் முதிர்வு தொடங்கும். இந்த மூன்றில் எது எப்போது ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அழுத்தம் எவ்வளவு என்பதையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக் குக்கர் விசிலடிக்கும்போது உள்ளே 120°, 2 பார். ஆட்டோகிளேவ் எனும் இறுக மூடிய எஃகுப் பாத்திரத்தில் 180°இல் 10 பார், 200°இல் 15.5, 250°இல் 40, 300°இல் 86. நிலைமாறு புள்ளியான 374°இல் 221 பார். வெப்பநிலையை ஒன்றரை மடங்கு ஏற்றினால் அழுத்தமும் ஒன்றரை மடங்குதானே என்று கணக்குப் போடுபவர்கள் இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி ஓவன் கதவில் ஒட்டிவிடலாம்.

இது காலி இடம் இருக்கும்போது பொருந்தும் கணக்கு. பாத்திரத்தை அதிகம் நிரப்பினால் கதையே வேறு. 100 மி.லி. டெஃப்லான் குவளையில் 90 மி.லி. தண்ணீர் ஊற்றினால், அது விரிந்து விரிந்து 165° வாக்கிலேயே குவளையை முழுதாக அடைத்துவிடும். அதன் பிறகு ஆவிக்கு இடமில்லை. ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் 10 பாருக்கும் மேல் ஏறும். நல்வாய்ப்பாக டெஃப்லான் மூடி அதற்கு முன்பே கசிந்துவிடும், ஆனால் அதை நம்பி யாரும் வேலை செய்யக் கூடாது. 70 மி.லி. போதும். 180°இல் அது 79 மி.லி. ஆகும், மீதி ஆவிக்கு.

இனி ஒரு சீரியா தயாரிப்பை முழுதாகப் பார்ப்போம். 100 மி.லி. ஆட்டோகிளேவ், 0.05 மோலார் சீரியம், 6 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, மொத்தம் 70 மி.லி. அதற்குச் சீரியம் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட் 1.52 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடு 16.8 கிராம். காரத்தை 60 மி.லி. தண்ணீரில் பாலிப்ரொப்பிலீன் பீக்கரில் கரைக்க வேண்டும். கண்ணாடி வேண்டாம்: சூடான 6 மோலார் காரம் கண்ணாடியை அரித்து சிலிக்காவை உள்ளே கொண்டுவரும். கரையும்போது கையை வைக்க முடியாத அளவுக்குக் கொதிப்பேறும். பீக்கரை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அடுத்த வேலை. நைட்ரேட்டைத் தனியாக 8 மி.லி. தண்ணீரில் கரைத்து, காரத்தைக் கலக்கிக்கொண்டே அதற்குள் இந்தக் கரைசலை ஒரே மூச்சில் ஊற்றவும். காரத்தை நைட்ரேட்டில் ஊற்றினால், முதல் துளிக்கும் கடைசித் துளிக்கும் நடுவே பிஹெச் முழு நீளம் பயணிக்கும். ஒவ்வொரு பிஹெச்சிலும் ஒவ்வொரு விதமான வீழ்படிவு. பிறகு அளவு சீராக இல்லை என்று புலம்பிப் பயனில்லை.

ஊற்றியதும் வெள்ளையாகத் திரண்டு விழும், அது சீரியம் மூன்று ஹைட்ராக்சைடு. அரை மணி நேரம் கலக்கினால் காற்றுப்படும் மேற்பரப்பில் வெள்ளை மங்கி லேசான ஊதா ஓடத் தொடங்கும். சீரியம் மூன்றிலிருந்து நான்குக்கு நகரும் அடையாளம் அது. இந்த நிறத்தை நினைவில் வைக்கவும், பின்னால் தேவைப்படும்.

குவளைக்கு மாற்றி, மூடியை அழுத்தி, எஃகு உறையில் இறக்கி, திருகி இறுக்க வேண்டும். கையால் முடிந்த மட்டும், பிறகு கம்பியால் கால் திருப்பு. அதற்கு மேல் பலம் காட்டினால் டெஃப்லான் பிதுங்கி விளிம்பு நிரந்தரமாகக் கெடும். மூடியதும் மொத்த ஆட்டோகிளேவையும் எடைபோட்டு எண்ணைக் குறிக்கவும். பலரும் விடுகிற படி இது. வெளியே எடுத்துக் குளிர்ந்த பின் மறுபடி எடைபோட்டால் கசிந்ததா இல்லையா என்று திறக்காமலே தெரியும். அரை கிராமுக்கு மேல் குறைந்திருந்தால் அந்தத் தொகுதியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நீராவி போயிருக்கிறது, செறிவு மாறியிருக்கிறது, உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஏற்கெனவே 180°இல் நிலைத்துவிட்ட ஓவனில் வைத்து 24 மணி நேரம் விட்டால் கனசதுரத் துகள்கள் வரும். அதே கலவையை 100°இல் 24 மணி நேரம் விட்டால் நீளக் கோல்கள். காரத்தை 0.01 மோலாராகக் குறைத்து 100°இல் வைத்தால் பல முகமுள்ள சிறு மணிகள். ஒரே உப்பு, ஒரே தண்ணீர், சூடும் காரமும் மட்டும் மாறுகின்றன. கோல் முதலில் பிறப்பது ஹைட்ராக்சைடாகத்தான். அதன் படிகம் அறுகோண வகை, ஒரே திசையில் நீளும் சுபாவம் கொண்டது. 180°இல் அந்தக் கோல்கள் கரைந்து, ஆக்சைடாக மறுபடி படிகிறபோது கனசதுரமாகின்றன.

இங்கே நைட்ரேட் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கணக்கைப் பாருங்கள். குவளைக்குள் காற்று 30 மி.லி., அதில் ஆக்சிஜன் 0.26 மில்லிமோல். 3.5 மில்லிமோல் சீரியத்தை மூன்றிலிருந்து நான்குக்கு ஏற்ற 0.88 மில்லிமோல் ஆக்சிஜன் வேண்டும். இருப்பது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதியை நைட்ரேட் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் நைட்ரேட்டுக்குப் பதில் சீரியம் குளோரைடு எடுத்து இதே செய்முறையை நடத்தினால் கனசதுரம் வராமல் கோலாகவே நின்றுவிடுகிறது. குளோரைடு மலிவு என்று மாற்றிவிட்டு, வடிவம் போய்விட்டதே என்று ஓவனைச் சந்தேகிப்பது வீண்.

ஆக்சிஜன் போதவில்லை என்றதும் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்க்கலாமே என்று தோன்றும். 30 சதவீதப் பெராக்சைடு 1 மி.லி. முழுதாகச் சிதைந்தால் ஏறக்குறைய 4.9 மில்லிமோல் ஆக்சிஜன் தரும். 180°இல் மிஞ்சும் 21 மி.லி. காலி இடத்தில், அது தனியாகவே 9 பாருக்குக் கிட்டத்தில். நீராவியின் 10 பாரோடு கூட்டினால் 19. 5 மி.லி. ஊற்றினால் என்ன ஆகும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. பெராக்சைடு தேவையென்றால் திறந்த பீக்கரில் சேர்த்து, நுரை அடங்கிய பிறகுதான் மூட வேண்டும். யூரியாவும் இந்த வகைதான்: ஒரு மோல் சிதைந்து இரண்டு மோல் அமோனியாவும் ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடுமாகும். அழுத்தக் கணக்கில் நீராவியை மட்டும் வைத்துக்கொண்டு யூரியாவைக் கிராம் கணக்கில் கொட்டுவது ஆபத்து.

24 மணி நேரம், 12 மணி நேரம் என்று எல்லாக் கட்டுரையிலும் வருகிறதே, அதற்கு வேதியியல் காரணம் எப்போதும் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கனமான எஃகு உறை, அதற்குள் வெப்பத்தை லேசில் விடாத தடித்த டெஃப்லான், சுற்றிலும் வெறும் சூடான காற்று. உள்ளே இருக்கும் கரைசல் ஓவன் சூட்டை எட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஓவனில் ஒன்றுக்குப் பதில் ஆறு ஆட்டோகிளேவ் வைத்தால் இன்னும் கூடும். ஆகவே 1 மணி நேரச் சோதனையையும் 2 மணி நேரச் சோதனையையும் ஒப்பிடுவது பெரும்பாலும் எஃகு சூடான வேகத்தை ஒப்பிடுவதுதான். 12 மணி நேரம் அந்தத் தள்ளாட்டத்தை மூடி மறைத்துவிடும். மாலை ஆறுக்கு வைத்துக் காலை ஆறுக்கு எடுக்க வசதியான எண் என்பதும் உண்டு, அதை யாரும் கட்டுரையில் எழுதுவதில்லை.

ஓவனைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. திரை 180 காட்டினால் உள்ளே மேல் தட்டில் 188, கீழ் தட்டில் 173 என்று இருப்பது சகஜம். வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி ஒன்றை ஆட்டோகிளேவ் உறையோடு கட்டி ஒரு தடவை அளந்துவிடுவது நல்லது. டெஃப்லானுக்கு 220° எல்லை என்று போட்டிருப்பார்கள். 220இல் வைக்கும் ஓவன் சூடேறும் வேகத்தில் 230ஐத் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். உண்மையில் 200ஐத் தாண்டாமல் இருந்தால் குவளை நீடிக்கும். அதற்கு மேல் போக வேண்டுமானால் பிபிஎல் எனும் வேறு பாலிமர்க் குவளை, அது 260° வரை தாங்கும்.

நேரம் முடிந்ததும் குழாயடியில் பிடித்துக் குளிர வைக்கும் ஆசை வரும். கூடாது. டெஃப்லான் எஃகைவிடப் பல மடங்கு அதிகம் விரியும், சுருங்கும். வெளியே எஃகு சட்டென்று குளிர்ந்து உள்ளே இன்னும் 150° இருக்கும்போது மூடியின் இறுக்கம் எந்தப் பக்கம் விடும் என்று சொல்ல முடியாது. ஓவனை அணைத்து அதற்குள்ளேயே விட்டால் பாதுகாப்பு. ஆனால் அந்த நான்கைந்து மணி நேரமும் துகள் வளர்கிற நேரம் என்பதைக் குறிப்பேட்டில் எழுத மறக்கக் கூடாது. வெளியே எடுத்து மேசையில் குளிர வைத்த தொகுதியும் ஓவனிலேயே குளிர்ந்த தொகுதியும் ஒன்றல்ல.

திறந்ததும் அடியில் படிந்திருப்பதைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும். வெளிர் மஞ்சள் என்றால் சரி. ஊதா கலந்த பழுப்பு என்றால் ஆக்சிஜனேற்றம் பாதியில் நிற்கிறது. கழுவிக் காயவைக்கும்போது காற்றில் அது முடியலாம், ஆனால் அப்படி முடிந்த துகளின் மேற்பரப்பு வேறு மாதிரி இருக்கும். வினையூக்கியாகப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

கழுவுவதில்தான் பொறுமை போகும். முதல் இரண்டு தடவை சென்ட்ரிஃபியூஜில் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஐந்து நிமிடத்தில் துகள் அழகாக அடியில் உட்காரும், மேலே தெளிந்த நீர். மூன்றாம் தடவை மேல்நீர் பால் மாதிரி கலங்கியே நிற்கும். நன்றாகக் கழுவ வேண்டும் என்று அதைக் கொட்டினால் மிகச் சிறிய துகள்களைத்தான் கொட்டுகிறீர்கள். நடப்பது இதுதான்: உப்பு நிறைந்த நீரில் துகள்களின் மின்னேற்றம் மறைக்கப்பட்டு அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கீழே விழுந்தன. உப்பு போனதும் மின்னேற்றம் வெளியே தெரிந்து ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. இது கெட்ட செய்தி அல்ல, துகள் உண்மையிலேயே சிறிது என்பதற்கு அத்தாட்சி. சுற்றை 10,000க்கு மேல் ஏற்றி இருபது நிமிடம் ஓட்டவும். அதற்கும் அடங்காவிட்டால் சில துளி அம்மோனியம் அசிட்டேட் கரைசல் விட்டால் திரளும். காயவைத்த பின் மிதமாகச் சூடாக்கினால் அது போய்விடும். மேல்நீரின் மின்கடத்துத்திறன் 50 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே வந்தால் நிறுத்தலாம். பிஹெச் தாளில் 7 காட்டியதும் நிறுத்துகிறவர்கள் உண்டு. கழுவும் நீரில் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருந்தாலே தாள் பொய் சொல்லும்.

கடைசிக் கழுவல் எத்தனாலில். காரணம் தூய்மை அல்ல. துகள்களுக்கிடையே இருக்கும் நீர் ஆவியாகும்போது அதன் பரப்பு இழுவிசை அவற்றை ஒன்றோடொன்று இறுக்கி, பிறகு எந்த அல்ட்ராசோனிக் தொட்டியாலும் பிரிக்க முடியாத கட்டியாக்கிவிடும். எத்தனாலின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குப் பின் 80°இல் ஓரிரவு. உறைய வைத்து உலர்த்தும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. பயன்பாடே நீரில் கலக்கி வைப்பதுதான் என்றால் காயவைக்கவே வேண்டாம். ஈரக் களிம்பாகவே வைத்து, அதில் ஒரு கிராமை மட்டும் காயவைத்து எடைபோட்டு, திடப்பொருள் சதவீதத்தைப் பாட்டிலில் எழுதி ஒட்டினால் போதும். மேலே சொன்ன அளவுக்கு முழு விளைச்சல் 0.60 கிராம். 0.65 வந்தால் மகிழ வேண்டாம், ஈரம் அல்லது கார்பனேட்.

கார்பனேட் எப்படி வருகிறது? பாதி தீர்ந்த, மூடி சரியாக மூடாத சோடியம் ஹைட்ராக்சைடு டப்பாவிலிருந்து. மணிகளின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது காற்றைக் குடித்த காரம். சீரியம் கார்பனேட்டாகவும் ஹைட்ராக்சி கார்பனேட்டாகவும் விழுந்து, எக்ஸ்-கதிரால் படிகத்தை ஆராயும் எக்ஸ்ஆர்டி சோதனையில் வேண்டாத இடத்தில் சிகரம் காட்டும். நல்ல சீரியாவுக்கு முதல் பெரிய சிகரம் 28.5°இல், அடுத்தது 33°இல். அவற்றைத் தவிர வேறு ஏதாவது நின்றால் முதலில் கார டப்பாவைப் பார்க்கவும்.

அந்த 28.5° சிகரத்தின் அகலத்திலிருந்து ஷெரர் சமன்பாட்டில் அளவு எடுக்கலாம். தாமிரக் கதிர், அலைநீளம் 0.15406 நானோமீட்டர், பாதி உயர அகலம் 0.85° என்றால் விடை 9.6 நானோமீட்டர். அகலத்தை ரேடியனாக மாற்ற மறப்பதும், கருவியின் சொந்த அகலத்தைக் கழிக்க மறப்பதும் இங்கே நடக்கும் இரண்டு வழக்கமான தவறுகள். 10 நானோமீட்டருக்குள் கருவி அகலம் பெரிதாகக் கெடுக்காது. 40, 50 நானோமீட்டரில் விடையையே மாற்றிவிடும். துகள்மேல் ஒட்டும் வாயுவைக் கொண்டு அளக்கும் பிஇடி மேற்பரப்பை இன்னொரு சாட்சியாக வைக்கலாம். சீரியாவின் அடர்த்தி 7.2, 10 நானோமீட்டர் உருண்டை என்றால் கிராமுக்கு 83 சதுர மீட்டர் வர வேண்டும். கருவி 30 காட்டினால் துகள்கள் கழுத்தோடு கழுத்து ஒட்டியிருக்கின்றன. ஒளிச்சிதறலால் அளவு எடுக்கும் டிஎல்எஸ்ஸில் 200 நானோமீட்டர் வந்ததே என்று பயப்படுகிறவர்களும் உண்டு. சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும், ஆகவே நூறு சின்னத் துகளின் குரலை ஒரு கட்டி அமுக்கிவிடும். அந்தக் கருவி அளப்பது மிதக்கும் கட்டியை, எக்ஸ்ஆர்டி அளப்பது படிகத்தை.

சீரியாவில் பழகிய கையோடு இதே 6 மோலார் காரத்தைத் துத்தநாகத்துக்குப் போட்டால் ஏமாற்றம்தான். துத்தநாக ஹைட்ராக்சைடு அதிகக் காரத்தில் கரைந்து தெளிந்த நீராகிவிடும். அதிலிருந்து பிறக்கும் ஆக்சைடு நீண்ட ஊசிகளாக வளரும். இரும்புக்கோ ஆட்டோகிளேவ்கூட வேண்டாம். அமெரிக்காவின் கிளார்க்சன் பல்கலைக்கழகத்தில் எகோன் மட்டியெவிச் 1970களில் காட்டிய வழி: 0.02 மோலார் அளவு ஃபெரிக் குளோரைடு, துளி அமிலம், இறுக மூடிய பாட்டில், 100°, ஒரு நாள். மஞ்சள் கரைசல் செங்கலங்கலாகி, ஒரே அளவு ஹெமடைட் (இரும்பு ஆக்சைடு) துகள்கள் கிடைக்கும். செறிவை இரண்டு மடங்காக்கினால் அந்த ஒற்றுமை போய்விடும்.

எஃகு மெதுவாகச் சூடாகிறது என்பதுதான் ஆட்டோகிளேவின் தீராத குறை. அதைச் சுற்றிப் போகும் வழி, கரைசலைச் சூடாக்காமல் தண்ணீரைத் தனியாகச் சூடாக்கி இரண்டையும் ஒரு புள்ளியில் மோதவிடுவது. ஜப்பானில் செண்டாய் நகரின் டோஹோகு பல்கலைக்கழகத்தில் தடஃபுமி அட்சிரியும் குனியோ அராயும் 1992இல் வெளியிட்டது இதைத்தான். இதுதான் குழாய் உலை: நிலைமாறு புள்ளியைத் தாண்டிய சூப்பர்கிரிட்டிக்கல் நீர் ஒரு குழாயில், குளிர்ந்த உலோக உப்பு இன்னொரு குழாயில். சேர்ந்த கணத்தில் உப்பு 25°இலிருந்து 350, 380°க்குத் தாவும்.

சேர்ந்த பின் வெப்பநிலை என்ன என்று கணக்கிடுவதில் எல்லோரும் ஒரு தடவையாவது வழுக்குவார்கள். 450° தண்ணீரும் 25° தண்ணீரும் சம எடையில் சேர்ந்தால் சராசரி 237° என்று தோன்றும். அது தப்பு. சராசரி எடுக்க வேண்டியது என்தால்பியை, அதாவது நீர் தன்னுள் வைத்திருக்கும் வெப்பக் கணக்கை. 250 பாரில் 450° நீரின் என்தால்பி கிலோவுக்கு 2,950 கிலோஜூல், 25° நீருக்கு 128. பாதி 1,539. அந்த என்தால்பிக்கு உரிய வெப்பநிலை 335°. இரண்டு பங்கு சூடு, ஒரு பங்கு குளிர் என்றால் 2,009, அதாவது 380° சுற்றளவு. நிலைமாறு புள்ளிக்கு அருகில் நீர் ஏராளமான வெப்பத்தை விழுங்கி வைத்திருப்பதால் வரும் வித்தியாசம் இது.

ஆய்வகத்துக்கு ஏற்ற அளவு: தண்ணீர் நிமிடத்துக்கு 20 மி.லி., 0.05 மோலார் சீரியம் நைட்ரேட் 10 மி.லி., இரண்டுக்கும் உயர் அழுத்தத்தில் சீராகத் தள்ளும் ஹெச்பிஎல்சி வகைப் பம்பு. 20 மி.லி. தண்ணீரை 450°க்கு ஏற்றத் தேவையான திறன் 940 வாட். வெப்ப இழப்பையும் சேர்த்து 2 கிலோவாட் ஹீட்டர் வைத்தால் மூச்சு வாங்காது. குழாய் 316 எல் எஃகு, கால் அங்குல வெளிவிட்டம், 0.065 அங்குலச் சுவர். குழாய் அட்டவணையில் போட்டிருக்கும் அழுத்த எல்லை அறை வெப்பநிலைக்கானது; இந்தச் சூட்டில் அதில் ஐந்தில் நான்கு பங்குதான் மிஞ்சும். கலந்த பின் 30 செ.மீ. குழாயைத் தாண்ட 2 வினாடி ஆகும், அவ்வளவுதான் வினை நேரம். பிறகு குளிர்நீர் உறையில் 40°க்கு இறக்கி, உள்ளே அழுத்தம் இறங்காமல் பிடித்துவைக்கும் பின்னழுத்த வால்வு வழியாக வெளியே. மணிக்கு 5 கிராம் சீரியா. ஆட்டோகிளேவ் ஓர் இரவில் 0.6 தந்ததை நினைத்தால் அசத்தல்தான். ஆனால் அந்த 5 கிராமும் 1.8 லிட்டர் தண்ணீரில் மிதந்துகொண்டு வரும். அதைச் சென்ட்ரிஃபியூஜில் பிரித்தெடுக்க உட்காரும்போது உலை வேகமாக ஓடியதன் பெருமை கொஞ்சம் குறையும்.

அடைப்புதான் இந்த முறையின் பெரிய எதிரி. சாதாரண டி-இணைப்பில் (ஆங்கில T வடிவக் குழாய்ச் சந்திப்பு) இரண்டையும் சேர்த்தால் கொஞ்ச நேரத்தில் அழுத்தமானி துள்ளத் தொடங்கும். காரணம் அடர்த்தி. 450°, 250 பாரில் நீரின் அடர்த்தி லிட்டருக்கு 110 கிராம்கூட இல்லை, குளிர்ந்த கரைசலோ ஒரு கிலோ. லேசான சூட்டுநீர் மேலே ஏறி உப்புக் குழாய்க்குள் புகுந்து, கரைசலை அது வந்து சேரும் முன்பே வழியில் சூடாக்குகிறது. ஆக்சைடு குழாய்ச் சுவரிலேயே படிந்து அடைக்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் எட் லெஸ்டர், மார்ட்டின் போலியாக்காஃப் குழுவினர் இதற்குக் கண்ட தீர்வு அந்த மிதப்பையே வேலைக்கு வைத்தது. சூட்டுநீர் உள்குழாய் வழியே மேலிருந்து கீழே இறங்கும், உப்புக் கரைசல் வெளிக்குழாயில் கீழிருந்து மேலே வரும். உள்குழாய் வாயில் சந்தித்ததும் கலவை சூட்டோடு மேல்நோக்கியே போய்விடும். கீழே உள்ள உப்புக் குழாய் குளிர்ச்சியாகவே இருக்கும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் (யுசிஎல்) ஜவாத் தார் குழு எடுத்த வழி வேறு: சூட்டுநீரை மெல்லிய குழாயில் மேல்நோக்கிப் பீய்ச்சி, சுற்றிலும் அதே திசையில் குளிர்ந்த கரைசலை ஓடவிடுவது. அந்த வேகத்தில் துகள் சுவரைத் தொட நேரமே இருக்காது.

வேறு வழியில்லாமல் டி-இணைப்புதான் இருக்கிறது என்றால், சூட்டுநீர் மேலிருந்தும் உப்பு பக்கவாட்டிலிருந்தும் வந்து கலவை கீழே போவதைத் தவிர்க்கவும். உப்புக் குழாயின் கடைசி 5 செ.மீ. மேல் ஈரத்துணியோ குளிர்நீர்ச் சுருளோ சுற்றினால் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

உப்புத் தேர்வும் குழாயின் ஆயுளைத் தீர்மானிக்கும். குளோரைடு இந்தச் சூட்டில் 316 எஃகை விரிசல் விட வைக்கும், தொடவே வேண்டாம். நைட்ரேட்டும் சாது அல்ல. வினையில் வெளிப்படும் நைட்ரிக் அமிலமும் அதன் ஆக்சிஜனேற்றச் சுபாவமும் எஃகிலிருந்து குரோமியத்தைப் பிடுங்கும். வெளிவரும் நீர் மஞ்சளடித்தால் அது சீரியாவின் நிறம் என்று நினைத்துவிட வேண்டாம். சென்ட்ரிஃபியூஜில் துகளை இறக்கிய பிறகும் நீர் மஞ்சளாகவே இருந்தால் நச்சான குரோமேட்டாக இருக்கலாம், அதைத் தொட்டியில் கொட்டக் கூடாது. கலக்கும் பகுதியை மட்டுமாவது இன்கொனெல் 625 அல்லது ஹாஸ்டலாய் சி-276 எனும் நிக்கல் உலோகக் கலவையில் செய்தால் பிரச்சினை வெகுவாகக் குறையும். அசிட்டேட் உப்பு கிடைக்குமானால் அதுவும் நல்லது.

நீர் ஹெக்சேன் மாதிரி ஆகிவிடுவதால் இன்னொரு லாபமும் உண்டு. கொழுப்பு அமிலங்கள் அதில் கலந்துவிடும். டெக்கனாயிக் அமிலத்தைச் சேர்த்து 400°இல் வினையை நடத்தினால், அது சீரியாவின் குறிப்பிட்ட முகங்களில் ஒட்டி வளர்ச்சியைத் தடுத்து, 10 நானோமீட்டருக்கும் சிறிய கனசதுரங்களைத் தரும். அட்சிரி குழுவினர் செய்து காட்டியது இது. குளிர்ந்ததும் நீரும் கொழுப்பும் பிரிந்துவிடும், துகள்கள் கொழுப்பு மேலாடையோடு ஹெக்சேனில் கரையத் தயாராக இருக்கும். 6 மோலார் காரமும் வேண்டாம், 24 மணி நேரமும் வேண்டாம்.

ஓட்டும் வரிசையை மாற்றக் கூடாது. முதலில் இரண்டு பம்பிலும் வெறும் தண்ணீர், பின்னழுத்தம் 250 பார், கசிவு பார்த்தல். பிறகு ஹீட்டர். வெப்பநிலை கால் மணி நேரம் அசையாமல் நின்ற பிறகு உப்புப் பம்பின் உறிஞ்சுகுழாயைக் கரைசலுக்கு மாற்றவும். முதல் பத்து நிமிடம் வருவதைத் தனியே வைக்கவும். அது இடைநிலைச் சரக்கு. அழுத்தம் 250இலிருந்து 260, 270 என்று படிப்படியாக ஏறினால் அடைப்பு உருவாகிறது, உடனே உப்பிலிருந்து தண்ணீருக்கு மாற்றினால் பல நேரம் விலகிவிடும். 300 பாரில் உடையும் பாதுகாப்புத் தகடு ஹீட்டருக்கு முன்பும் ஒன்று, பின்பும் ஒன்று இருக்க வேண்டும். கலக்குமிடம் அடைத்துக்கொண்டால் ஒரு தகடு மறுபக்கத்தைக் காப்பாற்றாது. நிறுத்தும்போது உப்பை எடுத்துவிட்டு அரை மணி நேரம் வெறும் தண்ணீர், பிறகு ஹீட்டரை அணைத்து, கலக்குமிடம் 100°க்குக் கீழே வரும்வரை இரண்டு பம்பும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அழுத்தம் அதுவரை 250லேயே நிற்க வேண்டும். வேலை முடிந்த அவசரத்தில் வால்வை முதலில் திறந்துவிட்டால் 350°இல் இருக்கும் நீர் குழாய்க்குள்ளேயே ஆவியாகும். அதில் மிதந்த சீரியா முழுவதும் கலக்குமிடத்திலும் அதற்குப் பின்னுள்ள குழாயிலும் காய்ந்து பிடித்துக்கொள்ளும். நைட்ரிக் அமிலம் தனியாக அதைக் கரைக்காது. கொஞ்சம் பெராக்சைடு சேர்த்தால் சீரியம் நான்கு மூன்றாகிக் கரையும். அதையும் குளிர்ந்த குழாயில், திறந்த முனையோடுதான் செய்ய வேண்டும்.